ஒரே மழை... ஊருக்கொரு வாழ்வு! மதுரையைச் சுற்றி ஒரு பயணம்

மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மலையடிவாரத்தை விட்டுவிட்டால், சமவெளியில் ஊருக்கு ஊர் மழையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால், அலங்காநல்லூர் பக்கம் ஆனி மாதமே நாற்றங்கால் பச்சைகட்டி நிற்கும். அதே நேரத்தில் உசிலம்பட்டிக்கு மேற்கே கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் பாறைதான் தெரியும். மதுரையிலிருந்து எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் ஒரு மணி நேரத்துக்குள் இப்படி வேறொரு வாழ்க்கையைப் பார்த்துவிடலாம்.

'அந்த ஊர்க்காரர்கள் உழைப்பாளிகள், இந்த ஊர்க்காரர்கள் சோம்பேறிகள்' என்று பேசிக் கடந்துவிடுவது சுலபம். திசைக்கு ஒரு நாள் ஒதுக்கிச் சுற்றி வந்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. தண்ணீர் யாருக்கு வந்தது, நிலம் யார் கையில் இருந்தது, அவசரத்துக்குக் கடன் எங்கே கிடைத்தது, விளைந்ததற்கு விலை வைத்தது யார், ஊர்ப் பணத்தைச் செலவழிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது? ஒரு ஊரின் ஏழ்மையையும் வளர்ச்சியையும் இந்த ஐந்தும்தான் தீர்மானித்திருக்கின்றன.

பேரணையில் திறக்கும் மதகு

கதை 1876-ல் தொடங்குகிறது. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார்கள் சொல்லிவந்த பஞ்சம் அதுதான். 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான மக்கள் மடிந்தார்கள். மதுரைச் சீமையும் தப்பவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்து அரபிக்கடலுக்குப் போகும் பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்பும் திட்டம் அதற்கு முன்பே பேச்சில் இருந்தது. பஞ்சம் அதற்கு வேகம் கொடுத்தது. 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துடன் 999 ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. பொறியாளர் ஜான் பென்னிகுக் மேற்பார்வையில் 1887-ல் வேலை தொடங்கி, 1895 அக்டோபர் 10-ல் ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார்.

மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இறங்கும் அந்தத் தண்ணீர், கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து வைகையில் சேருகிறது. 1959-ல் திறக்கப்பட்ட வைகை அணையில் தேங்கி, நிலக்கோட்டைக்கு அருகே பேரணை என்ற இடத்தில் பெரியாறு பிரதானக் கால்வாயாகப் பிரிகிறது.

அந்தக் கால்வாயின் கணக்கைக் கேட்டால் மதுரை மாவட்டத்தின் வரைபடமே புரிந்துவிடும். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகப் பாசனம். அதற்குக் கீழே மேலூர் பகுதியும், தனிக் கால்வாயில் திருமங்கலம் பகுதியும் சேர்ந்து 1,05,002 ஏக்கர் ஒருபோகப் பாசனம். இருபோகக்காரருக்கு அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் மாதமே மதகு திறக்கும். பொதுவாக 120 நாள் தண்ணீர். அதில் 45 நாள் முழுமையாக, 75 நாள் முறை வைத்து. ஒருபோகக்காரர் செப்டம்பர் வரை வானத்தையும் வைகை அணையின் நீர்மட்டத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மூன்று, நான்கு தலைமுறையாக இது நடக்கிறது. இரண்டு போகம் எடுத்த குடும்பம் ஒரு போகத்துச் சாப்பாட்டை வீட்டில் வைத்துக்கொண்டு, மறு போகத்தைக் காசாக்கியது. அந்தக் காசு பிள்ளைகள் படிப்பானது, ஊருக்குள் ரைஸ்மில் ஆனது, மதுரையில் ஒரு மனை ஆனது. ஒரு போகம் எடுத்த குடும்பம் அதைச் சாப்பிட்டு, மிச்சத்தில் கடனைக் கட்டியது. போகமே இல்லாத குடும்பம் வேலை தேடி வெளியூர் போனது.

இதற்கிடையில் 1979-ல், பாதுகாப்புக் காரணம் சொல்லப்பட்டு, பெரியாறு அணையின் நீர்மட்டம் 152 அடியிலிருந்து 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பளிக்கும் வரை 35 ஆண்டுகள் ஓடிவிட்டன. அணையில் ஓர் அடி குறைந்தால் முதல் அடி விழுவது கடைமடைக்காரர் வயிற்றில்தான்.

வாய்க்கால் ஓரத்தில் நிலமில்லாதவர்கள்

தண்ணீர் வந்த ஊரில் எல்லோரும் செழித்தார்களா? அழகர்கோவில் சாலையில் போய், கள்ளந்திரிக்கு அருகே அப்பன்திருப்பதி வட்டாரத்தில் இறங்கினால் பதில் கிடைக்கும். இங்கேதான் புல்லுச்சேரி இருக்கிறது. பத்மஸ்ரீ சின்னப்பிள்ளையின் ஊர்.

சுற்றிலும் வயல். அவருக்கோ சொந்தமாக நிலம் கிடையாது. பள்ளிக்கூடம் போனதில்லை. நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் சேர்த்துக் கூட்டிப் போகும் கொத்துத் தலைவியாக இருந்தவர். நிலம் இல்லாத வீட்டுக்கு வாய்க்கால் தண்ணீர் கூலியாகத்தான் வந்து சேரும். நடவுக்குச் சில நாள், களைக்குச் சில நாள், அறுப்புக்குச் சில நாள். மிச்ச மாதங்களில் காய்ச்சல் வந்தாலும், பிள்ளைக்குக் காது குத்தினாலும் வட்டிக்காரர் வாசல்தான். நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டி கிராமங்களில் சாதாரணமாகப் புழங்கியது. அப்படி வாங்கினால் பத்தே மாதத்தில் வட்டி மட்டுமே முதலுக்குச் சமமாகிவிடும். முதல் அப்படியே நிற்கும்.

இதை உடைக்க அலங்காநல்லூர் வட்டாரத்தில் 1990-ல் தொடங்கியதுதான் களஞ்சியம் குழுக்கள். பிரதான் என்ற தொண்டு நிறுவனம் தொடங்கிய அந்த வேலை, 1997-ல் உருவான தானம் அறக்கட்டளையின் மூலம் பல மாநிலங்களுக்குப் பரவியது. முறை எளிமையானது. ஏழெட்டுத் தெருப் பெண்கள் மாதாமாதம் கொஞ்சம் பணம் சேர்ப்பார்கள். அவசரம் வந்தவருக்கு அதிலிருந்து குறைந்த வட்டிக்குக் கடன். அந்த வட்டியும் குழுவுக்கே வந்து சேரும். வரவு செலவு எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்படும். ஒழுங்காக நடக்கும் குழுவை நம்பி வங்கியும் கடன் கொடுக்கும். குழுக்களை வங்கியோடு இணைக்கும் முயற்சியை நபார்டு வங்கி 1992-ல் தொடங்கியது.

இப்படிக் குழுக்களைக் கட்டி எழுப்பியவர்களில் ஒருவர் சின்னப்பிள்ளை. 2001 ஜனவரியில் டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது கொடுத்தபோது, பிரதமர் வாஜ்பாய் மேடையிலேயே குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். நாடே பார்த்த காட்சி அது. 2019-ல் பத்மஸ்ரீயும் வந்தது. நிலமில்லாத ஒரு கூலிப் பெண் தொடங்கிவைத்தது நிலச் சீர்திருத்தம் இல்லை. ஆனால், கூலியில் கிடைத்த காசு வட்டிக்காரருக்குப் போகாமல் வீட்டில் நிற்க அது வழி செய்தது.

இன்று அதே வயல்களில் அறுவடை இயந்திரம் இறங்கிவிட்டது. ஒரு கொத்துப் பெண்கள் நாள் முழுவதும் அறுத்த வயலை இயந்திரம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அறுத்துவிடுகிறது. ஆள் கிடைக்காத விவசாயிக்கு அது நிம்மதி. அறுப்புக் கூலியை நம்பியிருந்த குடும்பத்துக்கு அது வருமான இழப்பு. இரண்டும் ஒரே ஊரில்தான் நடக்கின்றன.

மேலூர்: கடைமடையும் கல்மலையும்

கள்ளந்திரியைத் தாண்டிய கால்வாய் கிழக்கே மேலூர் நோக்கிப் போகிறது. கண்மாயிலிருந்து கண்மாய்க்குத் தண்ணீர் போகும் சங்கிலி அமைப்பு இங்கே உண்டு. மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்கு வரும். நடுவில் ஒரு வரத்துக்கால் தூர்ந்தால், அதற்குக் கீழே உள்ள அத்தனை ஊரும் காயும்.

மேலூர் வட்டாரத்தில் வரத்துக்கால்களைக் கெடுத்ததில் கிரானைட் குவாரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. கீழவளவு, கீழையூர் பக்கம் மலைகள் அறுக்கப்பட்டன. கழிவுக் கற்கள் கண்மாய்களிலும் ஓடைகளிலும் கொட்டப்பட்டன. 2012-ல் அன்றைய மாவட்ட ஆட்சியர் சகாயம் அரசுக்கு அனுப்பிய அறிக்கை, இழப்பை 16,000 கோடி ரூபாய்க்கும் மேல் என்று மதிப்பிட்டது. 2014-ல் உயர் நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக நியமித்து விசாரிக்கச் சொன்னது. கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் கிரானைட் ஏற்றுமதி வளர்ச்சிதான். பாசனம் போன கண்மாய்க்கு அந்தக் கணக்கில் இடம் இருந்ததில்லை.

அந்த அனுபவம்தான் 2024 நவம்பரில் அரிட்டாபட்டியை உசுப்பிவிட்டது. ஏழு மலைகளும், 72 ஏரிகளும், 200 ஊற்றுகளும் கொண்ட இடம் என்று 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்த ஊர் அது. அதையும் சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்த்துச் சுமார் 5,000 ஏக்கரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு மத்திய அரசு ஏலம் விட்டது. டிசம்பர் 9-ல் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை மக்கள் நடந்தே வந்தார்கள். ஜனவரி 23-ல் ஏலம் ரத்தானது. சுரங்கம் வந்தால் வேலை வரும் என்ற பேச்சு அந்த மக்களிடம் எடுபடவில்லை. கல்குவாரி கொடுத்த வேலையையும் அது எடுத்துக்கொண்ட தண்ணீரையும் அவர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள்.

இதே வட்டாரத்தில் இன்னொரு பாடமும் உண்டு. 1996 உள்ளாட்சித் தேர்தலில் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. தலைவராகத் தேர்வான முருகேசனும் உடன் வந்தவர்களும் 1997 ஜூன் 30-ல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஊராட்சித் தலைவர் நாற்காலி வெறும் கௌரவம் மட்டும் இல்லை. தெருக்குழாய் எங்கே போடுவது, எந்த ஓடையைத் தூர்வாருவது, வீடு கட்டும் திட்டத்தில் யார் பெயரைச் சேர்ப்பது என்ற முடிவுகள் அங்கேதான் எடுக்கப்படுகின்றன. அதனால்தான் அந்த நாற்காலிக்கு இத்தனை எதிர்ப்பு.

உசிலம்பட்டி: காத்திருக்கும் கால்வாய்

மேலூரிலிருந்து மதுரைக்குத் திரும்பி, நகரைக் கடந்து மேற்கே தேனி சாலையில் போனால் செக்கானூரணி தாண்டியதும் நிலத்தின் நிறம் மாறிவிடுகிறது. செம்மண், பாறை, வேலிக்கருவை. வைகை அணை இங்கிருந்து தொலைவில் இல்லை. ஆனால், அணையிலிருந்து கிளம்பும் பெரியாறு-வைகைத் தண்ணீர் இந்த மேட்டு நிலத்தைச் சுற்றிக்கொண்டு பேரணைக்குப் போய்விடுகிறது.

அதைக் கொண்டுவரத்தான் 58 கிராமக் கால்வாய்த் திட்டம். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு கட்டப்பட்டு, 2018-ல் சோதனை ஓட்டமாகத் தண்ணீர் வந்தது. ஊரே மாலை போட்டு வரவேற்றது. ஆனால், வைகை அணையின் 71 அடி உயரத்தில் 67 அடிக்கு மேல் தண்ணீர் நின்றால்தான் இந்தக் கால்வாயில் ஏறும். பாசனம் பெறுவது 2,285 ஏக்கர் அளவுக்குத்தான். பழைய பெரியாறு பாசனத்தின் ஒன்றரை லட்சம் ஏக்கரோடு இதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இருந்தாலும் இங்கே ஒரு முறை கண்மாய் நிறைந்தால் சுற்றியுள்ள கிணறுகளில் ஊற்று எடுக்கும். அதற்காகத்தான் ஒவ்வோர் ஆண்டும் தண்ணீர் கேட்டு மறியல் நடக்கிறது.

தண்ணீர் மட்டும் இந்த வட்டாரத்தை முடக்கவில்லை. 1911-ம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இங்குள்ள பிரமலைக் கள்ளர் சமூகத்தின் மீது பிரிட்டிஷ் அரசு ஏவியது. ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும். வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தார்கள். 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் இந்தச் சட்டம் ஒழிந்தது. இரவில் ஊரைவிட்டு நகரக்கூடாத மனிதர் சந்தைக்கு எப்படி வண்டி கட்டுவார்? வெளியூர் வேலைக்கு யார் கூப்பிடுவார்கள்? ஏறக்குறைய ஒரு தலைமுறையின் வருமானம் அப்படிப் போனது. அரசு கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளை இந்தக் காலத்தில்தான் திறந்தது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அவை இன்றும் நடக்கின்றன. அங்கே படித்து ஆசிரியராகவும் காவலராகவும் ஆனவர்களின் சம்பளம்தான் பல வீடுகளில் கிணற்றை ஆழப்படுத்தியது.

இங்கே பணம் புழங்கும் விதமும் தனி. கல்யாணம், காதுகுத்து என்றால் 'செய்முறை' எழுதுவார்கள். வந்த மொய்யை நோட்டில் குறித்து, அவர்கள் வீட்டு விசேஷத்தில் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். வங்கி எட்டிப் பார்க்காத ஊரில் இது வட்டியில்லாக் கடன். வீடு கட்டவும், போர் போடவும், கடை வைக்கவும் இந்தப் பணம் உதவியிருக்கிறது. ஆனால், மழை பொய்த்த ஆண்டில் நாலு விசேஷம் சேர்ந்து வந்தால், செய்முறைக்காகவே நகையை அடகு வைக்கும் குடும்பங்களும் உண்டு.

பெண் பிள்ளைக்கான வரதட்சணை இதைவிடப் பெரிய சுமை. 1986-ல் உசிலம்பட்டிப் பெண் சிசுக்கொலை பத்திரிகைகளில் வெளிவந்து நாட்டை உலுக்கியது. கள்ளிப்பால் என்ற சொல்லே இந்த ஊரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பெண் பிறந்தால் செலவு, ஆண் பிறந்தால் வரவு என்று குடும்பங்கள் போட்ட கணக்கு உயிரையே வாங்கியது. அந்தக் கணக்கு மாறத் தொடங்கியது, பெண் பிள்ளைகள் படித்துச் சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகுதான்.

ஊராட்சி விஷயத்தில் இங்கேயும் அதே சிக்கல் இருந்தது. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால், உசிலம்பட்டி பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, மேலூர் பக்கம் நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் 1996-லிருந்து பத்து ஆண்டுகள் தேர்தலை முறையாக நடத்த முடியவில்லை. மாவட்ட ஆட்சியராக இருந்த உதயச்சந்திரன் ஊர் ஊராகப் பேசி, 2006 அக்டோபரில் தேர்தல் நடந்தது. பத்து ஆண்டு தலைவர் இல்லாத ஊரில் எத்தனை கண்மாய் வேலை, எத்தனை சாலை வேலை தள்ளிப்போயிருக்கும் என்பது அந்த ஊர் மக்களுக்குத்தான் தெரியும்.

கரிசல்: பஞ்சு விற்று வேட்டி வாங்கியவர்கள்

உசிலம்பட்டியிலிருந்து தெற்கே பேரையூர், தே.கல்லுப்பட்டி, கள்ளிக்குடி என்று இறங்கினால் கரிசல் பூமி. மானாவாரிதான். பருத்தி, சோளம், மக்காச்சோளம், குதிரைவாலி. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைப்பு. 2018-ல் படைப்புழு வந்து மக்காச்சோளத்தைத் தின்றது. இப்போது காட்டுப்பன்றி. மதுரை வேளாண்மைக் கல்லூரி 'மதுரை 1' என்ற குதிரைவாலி ரகத்தைக் கொடுத்திருக்கிறது. சிறுதானியத்துக்கு நகரத்தில் விலை ஏறியிருந்தாலும், குதிரைவாலியை அரிசியாக்கும் இயந்திரம் பக்கத்தில் இல்லாத ஊர்களில் தானியமாகவே விற்றுவிடுகிறார்கள். கடையில் அரிசிக்குக் கொடுக்கும் விலைக்கும் களத்தில் தானியத்துக்குக் கிடைக்கும் விலைக்கும் உள்ள இடைவெளி வேறு கைகளுக்குப் போகிறது.

இது இன்று தொடங்கியதில்லை. 1875-ல் மதுரைக்கு ரயில் வந்தது. 1890-களில் ஹார்வி சகோதரர்களின் மதுரை மில் ஓடத் தொடங்கியது. கரிசல் காட்டுப் பருத்தி வண்டி கட்டிப் போனது. நூலாகவும் துணியாகவும் திரும்பி வந்தது. மில்லால் மதுரை நகரம் வளர்ந்தது. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கிடைத்தது. பருத்தி விளைந்த ஊர் மட்டும் விளைச்சலையும் விலையையும் வானத்திடமும் வியாபாரியிடமும் விட்டுவிட்டு நின்றது.

இதைப் பற்றியே வாழ்நாள் முழுக்கச் சிந்தித்த பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பா, தன் கடைசி ஆண்டுகளைக் கழித்தது இதே தே.கல்லுப்பட்டியில்தான். 1940-ல் வெங்கடாசலபதி தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கியிருந்தார். 1960-ல் காலமானார். மூலப்பொருளைக் குறைந்த விலைக்கு விற்று, அதிலிருந்து செய்த பொருளைக் கூடுதல் விலைக்கு வாங்கும் கிராமம் எத்தனை உழைத்தாலும் ஏழையாகவே இருக்கும் என்பது அவர் கருத்தின் சாரம். எண்ணெய்ச் செக்கும், நெல் குத்தும் தொழிலும் ஊரிலேயே இருக்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தியது அதற்காகத்தான்.

மாட்டுத்தாவணி: அரை ஏக்கரின் பலமும் பலவீனமும்

கரிசலிலிருந்து மதுரைக்குத் திரும்பும் வழியில், வலையங்குளம், திருப்பரங்குன்றம் பக்கம் மல்லிகைத் தோட்டங்கள். ராமநாதபுரம் மாவட்டம் தங்கச்சிமடத்திலிருந்து வரும் பதியன், மதுரை மண்ணில் ஊன்றியதும் தடித்த இதழும் நீடித்த மணமும் கொடுக்கிறது. 2013-ல் மதுரை மல்லிகைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

நிலம் குறைவாக உள்ளவருக்கு மல்லிகை ஒரு வரம். வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் ஒன்றே கால் மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 2,600 செடி நடலாம். ஒரு முறை நட்டால் பல ஆண்டுகளுக்குப் பூக்கும். அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கும் தினமும் கையில் காசு வரும். தமிழ்நாட்டில் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 78 நிலக் கணக்குகள் இரண்டரை ஏக்கருக்கும் கீழேதான். அப்படிப்பட்டவர்களுக்குத் தினசரி வரவு என்பது வட்டிக்காரரிடம் போகாமல் இருக்கும் வழி.

சிக்கல் விலையில். நவம்பர் கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் கவாத்து செய்கிறார்கள். மார்ச்சிலிருந்து எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பூக்கிறது. அதிகாலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பறித்த மொட்டு, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மூட்டை மூட்டையாக வந்து குவிகிறது. அந்தச் சமயம் கிலோ 200, 300 ரூபாய்க்கு இறங்கிவிடும்; பறிப்புக் கூலியும் வண்டிச் சத்தமும் கமிஷனும் போனால் மிஞ்சுவது கொஞ்சம். மார்கழி, தையில் பனியால் செடி பூக்காதபோது கிலோ 2,000, 3,000 என்று ஏறும். அப்போது விற்கத் தோட்டத்தில் பூ இருக்காது. மாலைக்குள் வாடிவிடும் பொருளை வைத்துக்கொண்டு விலை பேச முடியாது. போதாததற்கு, கமிஷன் கடையில் முன்பணம் வாங்கியவர் வேறு கடைக்குப் பூவைக் கொண்டுபோகவும் முடியாது.

தோட்டத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து முன்னும் பின்னுமாகக் கவாத்து செய்வது, சேர்ந்து நின்று சென்ட் ஆலைகளுடன் விலை பேசுவது, முன்பணத்துக்குக் கூட்டுறவுச் சங்கத்தை நாடுவது ஆகியவை இந்தப் பிடியைத் தளர்த்தும் வழிகள். 2023-24 வேளாண் நிதிநிலை அறிக்கையில் மதுரை மல்லிகைக்கெனத் தனி இயக்கத்தை அரசு அறிவித்தது. செடி கொடுப்பதோடு அது நின்றுவிட்டால் பூ வரத்துதான் கூடும். விலை வைக்கும் இடத்தில் விவசாயிக்குப் பிடி கிடைத்தால்தான் வருமானம் கூடும்.

நகரத்தின் வெளிச்சம் எவ்வளவு தூரம்?

மதுரை நகரம் வளர்ந்தால் சுற்றுக் கிராமம் தானாக வளர்ந்துவிடும் என்று சொல்லப்படுவது உண்டு. பாதி உண்மை. பெரிய தொழிற்சாலைகள் சென்னை, ஓசூர், கோவை என்று போனதால், மதுரைக் கிராமத்து இளைஞர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போகிறார்கள். உசிலம்பட்டி பக்கத்துக் குடும்பங்கள் முறுக்கு வியாபாரத்துக்காக வெளி மாநிலங்களுக்குப் போயிருக்கின்றன. ஊரில் வயதானவர்களும் ஆடு மாடுகளும் மிச்சம்.

நகரத்தின் வளர்ச்சி கிராமத்து வாசலுக்கு வந்த உதாரணமும் உண்டு. 1976-ல் டாக்டர் கோ.வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து மருத்துவப் பணியில் அமர்த்துகிறது. பார்வை திரும்பிய விவசாயி மறுபடி வயலுக்குப் போகிறார். அவர் ஊர்ப் பெண்ணுக்குச் சம்பளம் வருகிறது. முதல்வரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரை சிம்மக்கல் அருகே ஒரு மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. விடியற்காலையில் பூப்பறிக்கப் போகும் தாயின் பிள்ளை பசியோடு வகுப்பில் உட்காராமல் இருப்பதும் பொருளாதாரம்தான். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று 2021-ல் வந்த அறிவிப்பால், பல கிராமத்துப் பெண்களுக்கு நகரத்துக் கூலி எட்டும் தூரத்துக்கு வந்தது.

நிதி ஆயோக் 2023-ல் வெளியிட்ட பன்முக வறுமைக் குறியீட்டில், தமிழ்நாட்டின் ஏழைகள் 2015-16-ல் 4.76 சதவீதம் என்றும், 2019-21-ல் 2.20 சதவீதம் என்றும் இருக்கிறது. பள்ளி, மின்சாரம், சத்துணவு, கழிப்பறை, வங்கிக் கணக்கு போன்றவற்றைப் பார்த்துப் போடும் கணக்கு அது. இந்த முன்னேற்றம் உண்மை. ஆனால், வீட்டின் மீது எவ்வளவு கடன், பெயரில் எத்தனை சென்ட் நிலம், வாய்க்காலில் எத்தனை நாள் தண்ணீர் என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. அதனால்தான் குறியீட்டில் ஏழையாக இல்லாத குடும்பமும் ஒரு போகம் பொய்த்தால் அடகுக் கடையில் நிற்கிறது.

உங்கள் ஊருக்கும் ஐந்து கேள்விகள்

மதுரையைச் சுற்றிப் பார்த்த இந்த வேறுபாடு தமிழ்நாட்டின் எந்த மாவட்டத்திலும் இருக்கும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

1. நம் கண்மாய்க்கு வரும் வரத்துக்கால் எங்கே தொடங்குகிறது? வழியில் எங்கே அடைபட்டிருக்கிறது? வருவாய்த்துறை வரைபடத்தில் உள்ள அகலம் தரையில் இருக்கிறதா?

2. ஊரில் நிலமே இல்லாத குடும்பங்கள் எத்தனை? கண்மாய் மீன் குத்தகை, புளிய மர ஏலம் போன்ற ஊர்ப் பொது வருமானத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டா?

3. அவசரத்துக்குக் கடன் எங்கே கிடைக்கிறது, என்ன வட்டிக்கு? அதிக வட்டி வசூலைத் தடுக்க 2003-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? மகளிர் குழுவின் கணக்கு மாதாமாதம் வாசிக்கப்படுகிறதா?

4. நம் ஊரில் விளைவதில் எதையெல்லாம் அப்படியே மூட்டையாக விற்கிறோம்? அதில் ஒன்றையாவது அரைத்தோ, உமி நீக்கியோ, தரம் பிரித்தோ விற்க இயந்திரம் வாங்க ஊரால் முடியுமா?

5. ஊராட்சியின் வரவு செலவுப் பலகையில் எழுதியிருக்கிறதா? எந்தத் தெருவுக்கு எவ்வளவு போனது என்று கடைசித் தெருக்காரரும் எழுந்து கேட்க முடிகிறதா?

கேள்விகளை வாயால் கேட்டதோடு விடாமல், தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்துவிடுவது நல்லது. அடுத்த கூட்டத்தில் அதே பக்கத்தைத் திறந்து, என்ன நடந்தது என்று கேட்க அது உதவும். 58 கிராமக் கால்வாயில் இன்று வரும் கொஞ்சத் தண்ணீரும், பல ஆண்டுகள் விடாமல் கேட்டதால் வந்ததுதான்.